ஆஸ்திரியாவை வடக்கே வைத்த கதை

பத்து வயதில் நான் ஒரு செக் கிராமத்தின் வரலாற்றாசிரியையாகவும் நில அளவையாளராகவும் ஒரே நேரத்தில் பணியாற்றியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பதவியேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓய்வு பெற்றேன். அந்தக் கிராமத்தை நான் அன்றும் பார்த்ததில்லை, இன்றும் பார்த்ததில்லை. பார்க்காததை எழுதுவதையே பிறகு தொழிலாகக் கொண்டுவிட்டதால், என் உத்தியோக வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் பிழையில்லை.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். முதற்காரணம், அதில் நான்கு மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் உட்கார ஓர் உயிரெழுத்துகூடக் கிடையாது. இரண்டாவது காரணம் போகப்போகத் தெரியும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து மூன்றாவது வருடம். சான்ட்ரிங்ஹாமில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். இன்றைக்கு அந்த வீதியில் நடந்தால் வழியெல்லாம் தோசை மணக்கிறது. அன்றைக்கு எங்கேயாவது ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கண்டால் அம்மா சொந்தக்காரரைக் கண்டதுபோல் நின்று விசாரிப்பார். அப்பா ஊரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞராக இருந்தவர். காணி, வீதி, குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் டிரேசிங் பேப்பரில் கறுப்பு மையால் வரைகிற வேலை. இங்கே நியூ லின்னில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினார். லேபல் ஒரு மயிரிழைகூடச் சரியக்கூடாது என்பது அவருடைய கொள்கை. மற்றவர்கள் மூன்று பெட்டி முடிக்கும் நேரத்தில் இவர் ஒன்றை முடித்து, தள்ளி நின்று அழகு பார்ப்பாராம். மேற்பார்வையாளருக்குக் கலை ரசனை போதாது என்று அம்மா சொல்லுவார்.

பள்ளிக்கூடம் மூட இரண்டு வாரம் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, டீச்சர் ஒரு வேலை தந்தார். அவரவர் குடும்பத்தின் ஊர். வரலாறு ஒரு பக்கம், புவியியல் ஒரு பக்கம், நடுவில் வரைபடம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பெற்றோர் சாப்பாட்டுத் தட்டோடு வருவார்கள், எல்லா ஊர்களும் வகுப்புச் சுவரில் தொங்கும். சிறந்த ஊருக்குப் பரிசும் உண்டு. சுவரில் எங்கள் பெயர்களை அன்றைக்கே ஒட்டிவிட்டார். என் பெயருக்குக் கீழே ஒரு வெள்ளைச் சதுரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் பக்கத்து மேசைச் சிநேகிதியிடம் சமோவாவில் ஓர் எரிமலை இருந்தது. பின்வரிசைப் பையனிடம் ஸ்கொட்லாந்தில் ஒரு கோட்டையும் அதற்குள் ஒரு பேயும் இருந்தன. படவரைஞரின் மகளாகிய நான் இவர்களை ஒரே இரவில் வென்றுவிடலாம் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, எங்கட ஊரைக் கீறித் தாங்கோ."

அப்பா தேநீரை ஊதினார். "எங்கட ஊர் படத்தில இல்லை, பிள்ளை."

"நீங்கள் கீறினா வந்திடும்தானே?"

"இல்லை. அதைப் பற்றி எழுதவும் வேண்டாம்."

"ஊரைப் பற்றித்தான் எழுதச் சொல்லி டீச்சர் சொன்னவ."

"அப்ப வேற ஊரை எழுது."

அப்பா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அழுது காரியத்தைச் சாதித்திருப்பேன். அடுத்த நாள் பள்ளி நூலகத்தின் பெரிய அட்லஸைத் தூக்கிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்கு ஒரு புள்ளி இருந்தது. எங்கள் ஊருக்கு ஒரு தூசிகூட இல்லை. அப்பா பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. எரிமலைக்காரியிடம் என்ன சொல்வது என்பதில் கவலை.

வேறு ஊரை எழுது என்று அப்பா சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன். வேறு ஊர் பக்கத்து வீட்டில் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு செக் தம்பதி. நான் பிறப்பதற்கு முன்பே செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்கள், இருவருக்கும் ஒரே ஊர். அவர் பஸ் டிப்போவில் எஞ்சின் திருத்துபவர். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடிப்பவர். எங்கள் வழக்கப்படி நான் அவர்களை மாமா, மாமி என்று கூப்பிட்டேன். அது தங்கள் பெயர்களின் தமிழ் வடிவம் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்கள் சண்டை எங்களுக்குக் கேட்கும், எங்கள் சண்டை அவர்களுக்குக் கேட்கும். யாருக்கும் மற்றவர் மொழி தெரியாததால் இரண்டு வீட்டுக்கும் நடுவே நல்ல மரியாதை நிலவியது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டேன். "உங்கட ஊரை எனக்குத் தருவீங்களா? வெள்ளிக்கிழமை முடிய திருப்பித் தாறன்."

மாமா கையில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். இருபது வருடமாக அவரிடம் யாரும் ஊரைக் கேட்கவில்லை என்பது அவர் ஓடி வந்த வேகத்தில் தெரிந்தது. ஆனால் மாமி அவரை முந்திக்கொண்டார்.

நான் கேட்டதும் இதற்குப் பிறகு நடந்ததும் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் ஞாபகத்தில் இருவரும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்தான் சண்டை பிடிக்கிறார்கள். அதை மாற்ற என்னால் முடியவில்லை.

"நடுவில குளம்," என்றார் மாமா. "குளத்துக்கு வலப்பக்கம் சேர்ச்."

"இடப்பக்கம்," என்றார் மாமி.

"நான் அந்தச் சேர்ச்சில மணி அடிச்சனான்."

"நீங்கள் கயித்தில தொங்கினனீங்கள். மணி அடிச்சது உங்கட தம்பி."

"வலப்பக்கம் எண்டு எழுது, பிள்ளை."

"எழுதினா நாளைக்கு உனக்குப் பிளம்ஸ் இல்லை."

நான் 'குளத்துக்குப் பக்கத்தில்' என்று எழுதினேன். ஒரு வரலாற்றாசிரியைக்கு வேண்டிய முக்கியமான குணம் அப்போதே என்னிடம் இருந்தது.

இரண்டு பின்னேரங்களில் என் கொப்பி நிரம்பிவிட்டது. முப்பது சொச்சம் வீடுகள். முனையில் வெங்காயத்தை நிறுத்தி வைத்ததுபோல் கூரை கொண்ட ஒரு சேர்ச். குளத்தின் மறுகரையில் மாமாவின் தகப்பன் நடத்திய மாவு மில். அதற்கப்பால் பைன் காடு, காட்டுக்குள் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியா. வாத்துகள் காலையில் ஆஸ்திரியாவுக்கு நீந்திப் போய்ப் பின்னேரம் திரும்புமாம், விசா இல்லாமல். விசா என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பெயருக்கு அடுத்தபடியாகச் சொல்லுவோம் என்பதால் அந்த வாத்துகள்மேல் எனக்குப் பெரும் பொறாமை வந்தது.

வரலாறு அதைவிட விறுவிறுப்பு. ஊர் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. மாமா விரல் மடக்கினார். அவருடைய பாட்டனுக்குச் சக்கரவர்த்தி, தகப்பனுக்குக் குடியரசு, அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஜேர்மன்காரர், பிறகு மறுபடி குடியரசு, அதன் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. "அஞ்சு அரசாங்கம், ஒரே பேக்கரி," என்றார். யுத்தம் முடிந்ததும் ஊரில் பாதிப் பேரை, ஜேர்மன் பேசுகிறவர்கள் என்று, லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அதன் பிறகு காட்டோரம் முட்கம்பி போட்டார்களாம். கம்பிக்குக் கிட்ட இருந்ததால் மில்லை இடித்தார்களாம். நான் இதையெல்லாம் எரிமலையை வெல்லக்கூடிய புள்ளிகளாகக் கணக்குப் போட்டு, 'இடித்தார்கள்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

உச்சம் மீன்தான். இலையுதிர் காலத்தில் குளத்தை வற்றவைத்து ஊரே சேற்றில் இறங்கிக் கெண்டை பிடிக்குமாம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வாங்கிய கெண்டையை உயிரோடு குளியல் தொட்டியில் விடுவார்களாம். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைப்பார்களாம். மீன் இருக்கும்வரை யாரும் குளிக்க முடியாதாம். நான் வீட்டுக்குள் பாய்ந்து, எங்கள் தொட்டியிலும் ஒரு மீனை விடவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"முதல்ல நீ தொட்டிக்குள்ள இறங்கு," என்றார் அம்மா.

புதன்கிழமைதான் எனக்குப் புதையல் கிடைத்தது. மாமி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். அங்கேயிருந்து எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். மாமி சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். குளத்தைச் சுற்றி, இடிந்த மில்லுக்குப் பின்னால், காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை. ஓடை கம்பிக்குக் கீழால் ஓடும் இடத்தில் ஒரு பள்ளம். காவற்காரர் ரோந்து போய் முடிந்ததும் மாமியின் அக்கா தங்கள் வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டாராம். குளத்துக்கு இந்தப் பக்கம் விரிப்பு தெரிந்ததும், அந்தப் பக்கம் இவர்கள் இருவரும் ஓடினார்களாம்.

"நான்தான் முன்னுக்கு ஓடினனான்," என்றார் மாமி.

"சப்பாத்து ரெண்டையும் நான் தூக்கிக்கொண்டு ஓடினபடியால்," என்று பின்னால் மாமாவின் குரல் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. மாமியிடம் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. கோட்டைப் பேய்க்கு நான் என்ன பதில் வைத்திருக்கிறேன் தெரியுமா என்று மனது குதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து வரைபடத்தைப் போட்டேன். மாமி தெளிவாகச் சொல்லியிருந்தார்: மத்தியான வெயில் ஊரில் தங்கள் வீட்டுக் குசினி யன்னலுக்குள் வரும், யன்னலுக்கு நேரே குளம், குளத்துக்கு நேரே காடு. மத்தியான வெயில் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா. எங்கள் வீட்டிலும் அது வடக்கு யன்னலால் வந்து சோற்றுக் கோப்பையில் விழுகிறது. ஆகவே யன்னலை வடக்கே பார்க்கவைத்து, குளத்தை அதற்கு வடக்கே, காட்டை அதற்கும் வடக்கே, ஆஸ்திரியாவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

வேலையால் வந்த அப்பா தற்செயலாகப் பார்த்தார். பல்லுக்குள் கல் அகப்பட்டவர்போல் நின்றார்.

"உதென்ன, ஆஸ்திரியா மேல நிக்குது?"

"வெயில் அங்காலயிருந்துதானே வரும்."

"இஞ்சதான் வெயில் வடக்கால வரும். பூமியின்ர மற்றப் பாதியில தெற்கால." அப்பா படத்தைப் பிடித்து அரைவட்டம் திருப்பி வைத்தார். ஊர் சரியாகிவிட்டது. என் எழுத்துகள் எல்லாம் தலைகீழாக நின்றன.

ஒரு மனிதரால் தாங்கக்கூடியதற்கும் ஓர் அளவு உண்டு. இரண்டு நிமிடம் நடந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி வந்து பார்த்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். நாங்கள் வந்தபோது அம்மாவின் இரண்டு நல்ல சேலைகளை இறக்கிவிட்டு அப்பா பயணப்பெட்டியில் ஏற்றிய பெட்டி அது. வரைபேனாக்கள், மைக்கூடு, ஒரு சுருள் டிரேசிங் பேப்பர், காகிதத்தில் சுற்றிய அரை பிளேடு. மூன்று வருடமாக அம்மா அந்தச் சேலைகளின் பெயரால் திட்டிவந்த பெட்டி.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அப்பா உடுப்பு மாற்றாமலே உட்கார்ந்தார். கோடைகாலம், எட்டு மணிவரை வெளிச்சம். எங்கள் ஊரைக் கீற மறுத்தவர் செக் ஊரைக் கீறத் தொடங்கினார். நான் மேசையில் முழங்கையை ஊன்றி அந்தப் பேனா காகிதத்தில் போவதையே பார்த்தேன். குளத்தின் கரை நடுங்காமல் வளைந்து வந்து தன் வாலைத் தானே பிடித்தது. அவர் கேள்வி கேட்க, நான் வேலியால் ஏறிக் குதித்து ஓடி, பதிலோடு திரும்பி வந்தேன். ஓடை எத்தனை அடி அகலம். சேர்ச் வாசல் எந்தப் பக்கம். ஐந்தாவது ஓட்டத்தில் மாமாவும் மாமியும் என்னோடு கூடவே வந்துவிட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா பதறிப்போய் இருந்த நான்கு கதிரையையும் துடைத்தார்.

சேர்ச் வலமா இடமா என்ற வழக்கை அப்பா விசாரித்தார். மாமி பிறந்த வீடு குளத்துக்கு வடகரை, மாமாவின் மில் தென்கரை. அப்பா தன் தமிழ் ஆங்கிலத்தில் விரலால் காட்டினார். இவர் இந்தக் கரையில் நின்று பார்க்கிறார், அவர் அந்தக் கரையில் நின்று பார்க்கிறார். சேர்ச் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இருபது வருடச் சண்டை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இருவருக்கும் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போய் இனி எதைப் பேசுவது என்ற கவலையாக இருக்கலாம். மில்லை மட்டும் அப்பா புள்ளிக்கோட்டால் வரைந்தார். இப்போது இல்லாத கட்டடத்துக்கு அதுதான் முறை என்றார். மாமா அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கை கழுவப் போன நேரத்தில் நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். இத்தனை அழகிய படத்தில் இருக்கவேண்டிய மிக அழகிய விஷயம் இல்லையே. மில்லுக்குப் பின்னால் தொடங்கிக் காட்டுக்குள் வளைந்து ஓடைப் பள்ளம்வரை பாதையைப் போட்டேன். வடகரை வீட்டில் ஒரு கொடியும் கொடியில் ஒரு விரிப்பும் போட்டு, 'அக்கா விரிப்புப் போட்ட இடம், இந்த வழியால் தப்பினார்கள்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். எரிமலை செத்தது. பேய் இரண்டாம் தடவை செத்தது.

மாமா அதை வாசித்தார். மாமியும் வாசித்தார்.

"இவவின்ர அக்கா இன்னும் அந்த வீட்டிலதான் இருக்கிறா," என்றார் மாமா, அப்பாவைப் பார்த்து.

மாமி சிரிக்கப் பார்த்தார். "பள்ளிக்கூடச் சுவர். சின்னப்பிள்ளையள். ஆர் வந்து பார்க்கப்போகினம்?"

"அங்கயும் இப்பிடித்தான் கேட்டனாங்கள்."

பெரியவர்கள் பயப்படுவதற்கு ஓர் அளவு வேண்டாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. பிராக் நகரத்திலிருந்து ஓர் உளவாளி விமானம் ஏறி, ஆக்லாந்தில் இறங்கி, பஸ் பிடித்து சான்ட்ரிங்ஹாம் வந்து, ஒரு கையில் சமோசாத் தட்டோடு எங்கள் வகுப்புச் சுவரைக் குறிப்பெடுப்பாரா. அப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்து அவரைப் பார்த்தேன். அந்த நகரம் முழுவதிலும் சிரிக்காமல் இருக்கக்கூடிய ஒரே ஆளிடம்தான் மாமா வந்து சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காகிதச் சுற்றைப் பிரித்து அரை பிளேடை எடுத்தார்.

டிரேசிங் பேப்பரில் மையை ரப்பரால் அழிக்க முடியாது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, மேல்தோலை மட்டும் மெல்லச் சுரண்ட வேண்டும். சற்று அழுத்தினால் கிழிந்துவிடும். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினார். பாதை காட்டுப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் அங்குலமாகக் குறைந்துகொண்டு வந்தது. நான் கத்தினேன். மேசையை உதைத்தேன். நீங்கள் எனக்கு ஊரும் தரமாட்டீங்கள், கிடைச்ச ஊரையும் அழிக்கிறீங்கள் என்று சொன்னேன். அப்பா நிமிரவில்லை. கொடி போனது, விரிப்பு போனது, என் கொட்டை எழுத்துகள் போயின. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, பாதை இருந்த இடத்தில் மூன்று பைன் மரங்களை நட்டார். மரங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவைபோல் நின்றன.

கதவடியில் நின்ற அம்மா, "அங்க அழிச்சது போதாதெண்டு இஞ்சயும் தொடங்கியாச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "நல்லா அழியுங்கோ. வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ," என்றார்.

ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். மாமி ஒரு பை நிறையப் பிளம்ஸ் தந்தார். நான் சத்தியத்தைவிடப் பிளம்ஸையே மதித்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. என் பெயருக்குக் கீழே செக் கிராமம் தொங்கியது. எரிமலைக்காரியின் தகப்பனே வந்து மூக்கு முட்டப் பார்த்தார். வாத்து, கெண்டை, ஐந்து அரசாங்கம் எல்லாவற்றையும் நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன், கூட்டம் கூடிவிட்டது. அப்பாவும் மாமாவும் மாமியும் பின்னால் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்படி உன் குடும்பம் என்று டீச்சர் கேட்கவில்லை. இந்தப் படத்தை யார் வரைந்தது என்றும் கேட்கவில்லை. கேட்காமல் சிரித்ததில் பரிசு எனக்கில்லை என்று விளங்கியது. அவர் வேறொன்றைக் கேட்டார்.

"அவ்வளவு கம்பி போட்ட ஊரிலிருந்து அவர்கள் எப்படி வெளியே வந்தார்கள்?"

வாய் நுனியில் பாதை வந்து நின்றது. விரிப்பு வந்து படபடவென்று அடித்தது. கோட்டைப் பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வாழ்க்கையில் அதற்குப் பிறகும் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அவ்வளவு ஆவலான சபை எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. பின்னால் பார்த்தேன். மாமா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸில்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா நிமிர்ந்தார். தான் பஸ் திருத்துபவர் என்றும், அந்த பஸ் நல்ல பஸ் என்றும் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். பரிசு பேய்க்குப் போனது. நான் அப்பாவோடு ஒரு கிழமை, ஏழு நாளும், கதைக்கவில்லை.

அந்தப் படம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஊரைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன், ஆனால் மாமா வாங்கிக்கொள்ளவில்லை. அதை யன்னலுக்கு நேரே பிடித்தால், மூன்று பைன் மரங்களுக்கு நடுவே பேப்பர் மெலிந்து, ஒரு வெளிச்சக் கோடு வளைந்து வளைந்து ஓடைவரை போவது தெரியும். அம்மா சொன்னதுபோல் அப்பா அன்றைக்கு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுப் போதும் என்று விட்டாரோ தெரியாது.

அப்பா போன பிறகு ஒரு நாள் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எங்கள் பகுதியின் சந்து, ஒழுங்கைப் படங்களைக் கேட்டு அப்பாவின் அலுவலகத்துக்குச் சீருடைக்காரர் வந்தார்களாம். நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று அப்பா ஒரு கிழமை ஓவர்டைம் செய்தாராம். ஒழுங்கைகள், பின்வளவுகள், கிணற்றடிக்குப் போகும் பாதைகள், எல்லாம் அரை பிளேடால். அவர்கள் கொண்டுபோன படத்தில் எங்கள் ஊர் இருந்த இடத்தில் பனைமரங்கள் மட்டும் நின்றனவாம். அதன் பிறகுதான் நாங்கள் அவசரமாகப் புறப்பட்டோமாம், சேலைகளை விட்டுவிட்டு.

எங்கட ஊர் படத்தில இல்லை என்று அப்பா தேநீரை ஊதிக்கொண்டே சொன்னபோது, ஊர் அவ்வளவு சின்னது என்றுதான் நான் நினைத்தேன்.